லென்ஸ் கேள்வி பதில்: எண்ணில் தேறாத லென்ஸ், படத்தில் தேறுவது எப்படி?

சரவணன்: அண்ணா, கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் சுமார் 160 கிராம். சிக்மா 50 மி.மீ. எஃப் 1.4 ஆர்ட் 815 கிராம். முக்கால் ஸ்டாப் வெளிச்சத்துக்கு இவ்வளவு கண்ணாடியா?

வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை தம்பி. (எஃப் எண் குறையக் குறைய துளை பெரிது, வெளிச்சம் அதிகம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி.) கேனனில் இருப்பது 6 கண்ணாடிகள். 1896-ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானாரின் வம்சம் அது. அப்பர்ச்சருக்கு (ஒளி நுழையும் துளைக்கு) இருபுறமும் கண்ணாடிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்பதால் டிஸ்டார்ஷன் (நேர்கோடு வளைவது), கோமா (ஓரத்துப் புள்ளி வால் முளைத்ததுபோல இழுபடுவது) எல்லாம் பெருமளவு தாமாகவே கழிந்துவிடும். கழியாமல் நிற்பது கோளப் பிறழ்ச்சி: லென்ஸின் ஓரம் வழியாக வரும் கதிரும் நடுவில் வரும் கதிரும் ஒரே இடத்தில் கூடாது. அப்பர்ச்சரின் விட்டத்தை இரட்டித்தால் இதனால் வரும் கலங்கல் எட்டு மடங்காகும். எஃப் 1.4-லேயே மூலை வரை கூர்மை வேண்டும் என்று சிக்மா 13 கண்ணாடிகளைப் போட்டது. எடை ஏறியது அதனால்தான்.

நித்யா: டெஸ்டில் நல்ல மதிப்பெண் வாங்கிய லென்ஸ்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பின்னால் தெரியும் சீரியல் பல்புகள் ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று ஒரு விளிம்பு. ஏன் சார்?

நல்ல கேள்வி. அதே கோளப் பிறழ்ச்சிதான் காரணம். போகஸில் இல்லாத ஒவ்வொரு புள்ளியும் படத்தில் ஒரு வட்டமாக விரியும். பிறழ்ச்சியை அளவுக்கு மீறித் திருத்தினால், பின்னணியில் அந்த வட்டத்தின் விளிம்பில் போய் ஒளி குவியும். இலை, கிளை எல்லாம் இரட்டைக் கோடாகத் தெரியும். கொஞ்சம் திருத்தாமல் விட்டால் வட்டத்தின் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கியும் இருக்கும். பின்னணி வழுவழுவென்று கரையும். ஆனால் முன்னால் இருக்கும் பொருட்களில் இது அப்படியே தலைகீழ். இரண்டு பக்கமும் ஒருசேர வாய்க்காது.

நிக்கானின் 105 மி.மீ. டிசி லென்ஸ் (1993) இந்தத் தேர்வை நம் கையிலேயே கொடுத்தது. வளையத்தை ஆர் பக்கம் திருப்பினால் பின்னணி மென்மை, எஃப் பக்கம் திருப்பினால் முன்னணி மென்மை. மினோல்டாவின் 135 மி.மீ. எஸ்டிஎஃப் வேறு வழியில் போனது: ஓரத்தை நோக்கிக் கருத்துக்கொண்டே போகும் ஒரு கண்ணாடியை உள்ளே வைத்தார்கள். வட்டத்தின் விளிம்பே கரைந்துவிடும். விலையாகப் போனது வெளிச்சம்: எஃப் 2.8 லென்ஸ், வெளிச்சக் கணக்கில் 4.5 மட்டுமே. மேனுவல் போகஸ் வேறு! ஆனாலும் அது வரைந்த முகங்களைப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் லென்ஸின் அப்பர்ச்சரை அடுத்த முறை ஒரு ஸ்டாப் மூடிப் பாருங்கள். விளிம்பு பெரும்பாலும் அடங்கும்.

ஜோசப்: ஒளி வட்டத்துக்குள் வெங்காயம் நறுக்கினாற்போல வளையங்கள் தெரிகின்றன. லென்ஸ் பழுதா?

பழுதில்லை. அச்சில் வார்த்த ஆஸ்பெரிக்கல் (கோள வடிவில் இல்லாத வளைவுள்ள) கண்ணாடி. அச்சைச் செதுக்கிய கருவியின் தடம் அதில் பதிந்திருக்கிறது.

கார்த்திகா: பழைய சோவியத் லென்ஸான ஹீலியாஸ் 44-ல் பின்னணி சுழல்கிறதே, அது எப்படி?

படத்தின் ஓரத்துக்குச் சாய்வாகப் போகும் கதிர்களை லென்ஸின் உடலே இருபுறமும் வெட்டுகிறது. அதனால் ஓரத்து வட்டங்கள் பூனைக்கண் போலக் குறுகி, நடுவைச் சுற்றி வரிசைகட்டும். இலைகள் நிறைந்த பின்னணியில் நன்றாகவே சுழலும். எஃப் 4-க்கு மூடினால் பெரும்பாலும் போய்விடும். ஒரு படத்துக்கு அழகு, ஆல்பம் முழுக்க என்றால் தலைசுற்றும் (என் கருத்து).

அஸ்லம்: இயற்கைக் காட்சிக்கு எப்போதும் எஃப் 16 வைக்கிறேன். சரிதானே?

ஆழம் (அருகும் தூரமும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது) கிடைக்கும், கூர்மை குறையும். சின்னத் துளை வழியே போகும் ஒளி பரவும்: எஃப் 16-ல் ஒரு புள்ளி ஒளி சுமார் 21 மைக்ரான் வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் முழுச்சட்டக சென்சாரில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 6 மைக்ரான்தான். எந்த விலை லென்ஸும் இதிலிருந்து தப்பாது. காலடியில் பாறை, தூரத்தில் மலை என்று இரண்டும் வேண்டுமானால் எஃப் 11. மற்ற நேரத்தில் எஃப் 8 வைத்துக்கொள்ளுங்கள்.