எங்கள் நிறுவனத் தகவலைத் திருடிவிட்டதாக, கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ஒரு ரான்சம்வேர் கும்பல் அறிவித்திருக்கிறது. உண்மையா என்று தெரியவில்லை. முதலில் என்ன செய்வது?

உடனே மறுக்காதீர்கள். ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். திருடியதற்கு ஆதாரமாக சாம்பிள் என்று எதையாவது போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஐடி பொறுப்பில் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எம்.டி.யிடமிருந்து போன். "நம்ம பேரை எவனோ டார்க் வெப்ல போட்டிருக்கானாம். டீலர் ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கார். அதெல்லாம் பொய்னு ஒரு மெயில் விட்டுடலாமா?" ராத்திரி வரைக்கும் டைம் குடுங்க சார் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

சர்வர் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு ஃபைல்கூடப் பூட்டப்படவில்லை. அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. ஃபைல்களைப் பூட்டாமலே, எடுத்துக்கொண்டு போய் மிரட்டும் கும்பல்களும் உண்டு.

ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது டீலர் பட்டியல், நாற்பது வரி. பெயர், ஊர், போன் நம்பர், பாக்கித் தொகை. பெயர்கள் எல்லாம் நிஜம். ஆனால் டீலர் கோடு ஐந்து இலக்கம்; நாங்கள் புது சாஃப்ட்வேருக்கு மாறியபோதே அதை ஏழாக்கியிருந்தோம். பாக்கித் தொகையின் தலைப்பில் ஓர் எழுத்துப்பிழை வேறு. அந்தப் பிழையை எங்கேயோ பார்த்த ஞாபகம். ஒன்பது மணி வாக்கில் பிடிபட்டது: எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஏஜென்சிக்காக நாங்களே தயாரித்துக் கொடுத்த எக்ஸல். பிழை என்னுடையதுதான்.

ஆக, தகவல் எங்களுடையது, ஆனால் பழசு. எங்கள் சர்வரிலிருந்து போனதற்கான தடயமும் இல்லை. எம்.டி. சொன்ன மெயில் போயிருந்தால், தன் நம்பரை அந்தப் பட்டியலில் பார்த்த டீலர் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

இந்தக் கும்பல்கள் வாய்கூசாமல் புளுகுவார்கள் என்பதும் உண்மை. 2024 ஜூனில் லாக்பிட் என்ற கும்பல், அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விடமிருந்தே 33 டெராபைட் எடுத்துவிட்டதாக அறிவித்தது. வெளியே விட்டதைப் பிரித்துப் பார்த்தால் எவால்வ் என்ற தனியார் வங்கியின் தகவல். அதே வருடம் வீடியோ கேம் கம்பெனியான எபிக் கேம்ஸிடமிருந்து 189 ஜிபி எடுத்ததாகச் சொன்ன மொகிலெவிச் கும்பல், சில நாளில் எல்லாமே மோசடி என்று தானே ஒப்புக்கொண்டது. ஆனால் நம் சென்னையின் இன்சூரன்ஸ் கம்பெனி ஸ்டார் ஹெல்த்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்றார்கள். டெலிகிராமில் கேட்டதற்குத் தானாகப் பதில் தரும் பாட் (bot) வழியாக பாலிசி ஆவணங்கள் இறங்குகின்றன என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அக்டோபரில் தாக்குதல் நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்புறம், சாம்பிளைப் பார்க்கும்போதே லாகுகளை, அதாவது யார் எப்போது உள்ளே வந்து போனார்கள் என்ற பதிவுகளை, தனியாக எடுத்து வையுங்கள். எங்கள் ஃபயர்வாலில் முப்பது நாளுக்கு மேல் லாக் நிற்காது, பழசின் மேலேயே புதுசு எழுதிவிடும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் இருக்க வேண்டும், நாங்கள் வைத்திருக்கவில்லை. சந்தேகமான மெஷினை ஃபார்மேட் அடிக்கக் கூடாது. நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு அப்படியே விடுங்கள். இது பற்றிய பேச்சு கம்பெனி மெயிலில் வேண்டாம், உள்ளே ஆள் இருந்தால் அவனும் படிப்பான். நாங்கள் போனிலேயே பேசிக்கொண்டோம்.

செர்ட்-இன்னுக்குத் தகவல் சொல்ல அதே உத்தரவில் 6 மணி நேரக் கெடு ஒன்றும் உண்டு. சம்பவம் கவனத்துக்கு வந்ததிலிருந்து கணக்கு. முழுதாக நிரூபணமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பிறகு கொடுக்கலாம்.

வக்கீலைக் கேட்காமல் கும்பலோடு சாட் செய்ய இறங்காதீர்கள். காசு கொடுத்தால் அழித்துவிடுவான் என்று யாராவது சொல்வார்கள். 2024 பிப்ரவரியில் பிரிட்டன் போலீஸார் லாக்பிட்டின் சர்வர்களைப் பிடித்தபோது, காசு கொடுத்தவர்களின் தகவலும் அதில் இருந்தது.

டீலர்களுக்கு அன்று ராத்திரி போனது நாலே வரி: இப்படி ஒரு தகவல் வந்திருக்கிறது, சரிபார்க்கிறோம், எங்கள் பெயரில் யாராவது வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொன்னால் பணம் அனுப்பாமல் எங்களைக் கூப்பிடுங்கள், திங்கட்கிழமை மறுபடி எழுதுகிறோம். அந்த மூன்றாவது வரிதான் முக்கியம். இந்தப் பட்டியல் கையில் கிடைப்பவன் முதலில் செய்யப்போவது அதைத்தான்.

மறுநாள் காலை ஏஜென்சிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னோம். சாம்பிளை அனுப்பவா என்று கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது: "எங்க சைடுல எந்த லீக்கும் இல்லைங்க சார்."