கர்ப்பப்பைக் கட்டி நுரையீரல் வரை போகுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 46. எட்டு வருஷத்துக்கு முன் பைப்ராய்டு கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள், சினைப்பைகளை விட்டுவைத்தார்கள். இப்போது பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாகப் புள்ளிகள் தெரிந்தன. பயாப்ஸியில் 'பெனைன் மெட்டாஸ்டாசைசிங் லியோமயோமா' என்று வந்திருக்கிறது. இருமல், மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. இது கேன்சர்தானா? கீமோ வேண்டுமா?

பதில்: இந்தப் பெயரே ஆளைக் குழப்பும். சாதுவான கட்டி, ஆனால் பரவுகிறது என்கிறது. அரிதாக அப்படியும் நடக்கும். 1939-லேயே ஸ்டைனர் என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கர்ப்பப்பைத் தசையில் வளரும் பைப்ராய்டு கட்டியின் (லியோமயோமா என்பதும் அதுதான்) செல்கள் ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடுகின்றன என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்து, வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிவதுதான் வழக்கம். நம் ஊரில் நுரையீரலில் புள்ளி என்றாலே டிபி, இல்லையென்றால் கேன்சர் என்று பேச்சு கிளம்பிவிடும். உங்கள் அக்கா மாத்திரை எதுவும் தொடங்காமல் பயாப்ஸி செய்துகொண்டாரே, அது நல்லது.

வழக்கமான அர்த்தத்தில் இது கேன்சர் இல்லை. கீமோவும் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் ஒன்றை உறுதி செய்யாமல் நான் நிம்மதியாக இருக்க மாட்டேன். லியோமயோசார்கோமா என்ற நிஜமான புற்றுநோயும் சில சமயம் இதே வேஷத்தில் வரும். அதனால் எட்டு வருஷத்துக்கு முன் எடுத்த கர்ப்பப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் லேப் பெயரும் பயாப்ஸி எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி 'பிளாக்' வேண்டும் என்று கேளுங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதற்குள் மெழுகில் பதித்த சதைத்துண்டு, அதுதான் பிளாக். இத்தனை வருஷம் வைத்திருப்பார்களா என்று தயங்க வேண்டாம், பல லேப்களில் இருக்கும். பழைய பிளாக், புதிய பிளாக் இரண்டையும் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய இடத்தின் நோய்க்குறியியல் துறையில் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, நடுவில் செத்துப்போன திசு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற பெண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கட்டியின் செல்களில் இருக்கின்றனவா என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஏற்பிகள்தான் சிகிச்சைக்குப் பிடி. சினைப்பை சுரக்கும் ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. மாதவிடாய் நிற்கும் வயதைத் தாண்டினால் பலருக்கு இது அடங்கிவிடும், சுருங்குவதும் உண்டு. 46 வயதில், தொந்தரவே இல்லாதபோது, சில மாத இடைவெளியில் சிடி ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும் என்பது என் கருத்து. வளர்ந்தால் ஹார்மோனை அடக்கும் ஊசி, லெட்ரோசோல் மாதிரி மாத்திரை, சினைப்பைகளை எடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. இன்றைக்கே சினைப்பையை எடுத்துவிடுவோம் என்று யாராவது அவசரப்படுத்தினால் ஏன் என்று கேளுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் என்றால் அறுவை செய்து எடுப்பதும் உண்டு. அக்காவுக்கு இரண்டு பக்கமும் இருப்பதால் அது முதல் வழி ஆகாது.

மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடம்புச் சூட்டுக்கும் எரிச்சலுக்கும் என்று பின்னால் யாராவது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதினால், இந்த ரிப்போர்ட்டைக் காட்டாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது. கட்டியைக் கரைக்கும் என்று விற்கும் பொடிகளும் வேண்டாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

அப்புறம், அந்தப் பித்தப்பைக் கல். இதற்காக அதைக் கிடப்பில் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் மட்டும் சிடி படத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.