பில்லில் வாரமும் வருடமும் எழுதி வாங்குங்கள்: ட்ராக் டயர் கேள்வி-பதில்

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேக்காக நாலு டயரும் மாற்றினேன். 'புது ஸ்டாக்' என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றில் 3224, ஒன்றில் 1119. 'மாட்டிய டயர் வாபஸ் கிடையாது' என்கிறார் கடைக்காரர். - தாம்பரம் வாசகர்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1119 என்றால் 2019-ன் 11-வது வாரம். ரப்பர் கடையில் சும்மா கிடந்தாலும் இறுகும். முன்பக்கம் ஒரு சக்கரத்தில் அது இருந்தால், வேகத்தில் முழு பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதோடு ட்ராக்கில் இறங்காதீர்கள்.

பழைய பொருளைப் புதியது என்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக முறையாக வருகிறது. கடைச் சுவரில் தொங்கும் 'வாபஸ் இல்லை' அட்டை அதைத் தடுக்காது. நாலு டயரின் இலக்கங்களையும் படம் எடுத்து, பில்லோடு கடைக்கு எழுத்தில் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அப்போதும் தீரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் போட வேண்டும்.

டயர் பில் விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. செல்போன் பில்லில் ஐஎம்இஐ எண் எழுதுகிறார்கள். உயிரைத் தாங்கும் டயருக்கு 'டயர் 4' என்று மட்டும் கிறுக்கித் தருகிறார்கள், நாமும் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம். முழு இலக்கம் டயரின் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால், வண்டியை ஜாக்கில் ஏற்றிக் குனிந்தால்தான் தெரியும். அதனால் ரிம்மில் ஏற்றும் முன்பே நாலையும் தரையில் கிடத்தச் சொல்லுங்கள், நீங்களே படியுங்கள், நாலு எண்ணையும் பில்லில் எழுத வையுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: ட்ராக்குக்கு டயரில் நைட்ரஜன் நிரப்புவது கட்டாயமா?

பதில்: இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கேள்வி: கதவோர ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்றிருக்கிறது. நண்பர்கள் ட்ராக்குக்கு 26 வைக்கச் சொல்கிறார்கள். எது சரி? - கோவை

பதில்: சாதாரண ரோடு டயரில் குளிர்ந்த நிலையில் 26 வைத்தால் பக்கச் சுவர் மடிந்து, வளைவில் ஷோல்டர், அதாவது டயரின் ஓர விளிம்பு, தரையில் உரசும். அரை நாளில் ஓரம் போய்விடும். 33-லேயே தொடங்குங்கள். காலையில் வெயில் படுவதற்கு முன் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயர் ஓரத்தில் மூன்று இடத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள். ஒரு சுற்று மெதுவாக, மூன்று நாலு சுற்று வேகமாக ஓட்டிவிட்டுப் பிட்டுக்கு (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும், சூடு இறங்குமுன் நாலையும் அளங்கள். 5 முதல் 8 பிஎஸ்ஐ வரை ஏறியிருக்கலாம். சாக்பீஸ் கோடு ஓரத்தில் உள்ள சின்ன முக்கோணக் குறியையும் தாண்டி அழிந்திருந்தால் 2 கூட்டுங்கள். குறியை எட்டவே இல்லையென்றால் 2 இறக்குங்கள். இருங்காட்டுக்கோட்டையில் வலப்பக்க வளைவுகள் அதிகம் என்பதால் இடப்பக்க டயர்கள் கூடச் சூடாகும். சூட்டில் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி இறக்குங்கள்.

பலர் மறப்பது ஒன்று: சூட்டில் காற்று இறக்கிய டயர் ஆறினால் ஸ்டிக்கரில் உள்ள 33-க்கும் கீழே போகும். அப்படியே நெடுஞ்சாலையில் வீடு திரும்பக் கூடாது. கிளம்பும் முன் காற்று ஏற்றுங்கள்.

காற்றழுத்தம் அளக்கும் கேஜ் சொந்தமாக வாங்குங்கள். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்ப வேண்டாம். நான் வாங்கிய மலிவு கேஜ் ஒன்று 4 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டியது; கடையில் மாற்றித் தரவில்லை. வாங்கும்போதே வேறொரு நல்ல கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாதி விலையில் செகண்ட் ஹாண்ட் டயர் கிடைக்கிறது. பட்டன் (டயரின் மேல் உள்ள பள்ளங்கள்) ஆழமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஆழத்தை நம்பாதீர்கள். தேய்ந்த டயரைச் சூட்டுக் கத்தியால் வெட்டி ஆழமாக்கிக் கறுப்பு பாலிஷ் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளத்துக்குள் குறுக்கே நிற்கும் தேய்மான மேடுகளைத் தேடுங்கள், 1.6 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அவை வெட்டுப்பட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ அந்த டயர் வேண்டாம். உட்பக்கம் கையைவிட்டுத் தடவிப் பாருங்கள்: பஞ்சர் ஒட்டு, வீக்கம், நூல் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். ரோட்டுக்கே யோசிக்க வேண்டிய பொருள் அது; ட்ராக்குக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முதல் ட்ராக் டே. ட்ரெட்வேர் (தேய்மான எண்) 200 உள்ள செமி-ஸ்லிக், அதாவது பள்ளம் குறைந்த ட்ராக் டயர், வாங்கட்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளரேதான். ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொன்றின் 200-ஓடு ஒப்பிட முடியாது. நல்ல ரோடு டயர் வழுக்கும் முன் சத்தம் போட்டு எச்சரிக்கும், பிடியை மெதுவாக விடும். கற்றுக்கொள்கிறவருக்கு அது பெரிய உதவி. செமி-ஸ்லிக்கில் பிடி அதிகம், ஆனால் விட்டால் சட்டென்று விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு திரும்பும்போது பள்ளம் குறைந்த அந்த டயர் தண்ணீர் மேல் மிதக்கும். பணத்தை முதலில் பிரேக் பேடுக்கும் புது பிரேக் ஆயிலுக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: முன் டயரில் உள் ஓரத்தில் கம்பி லேசாகத் தெரிகிறது. வரும் ஞாயிறு ஒருமுறை மட்டும் ஓட்டிவிட்டு மாற்றலாமா? - ஆவடி

பதில்: கூடாது. இதைக் கேட்கவே வேண்டியதில்லை. ஞாயிறு வரை ரோட்டிலும் எடுக்காதீர்கள். உள் ஓரம் மட்டும் இப்படித் தேய்ந்திருந்தால் புது டயர் மாட்டும் அன்றே அலைன்மென்ட் பாருங்கள், இல்லாவிட்டால் அதுவும் இப்படியே போகும்.