கூண்டு மாற்றிய அன்று சுண்டெலிகள் கடித்துக்கொண்டால்

கூண்டு மாற்றியதும் உங்கள் ஆய்வகத்து ஆண் சுண்டெலிகள் முதுகிலும் வாலடியிலும் கடித்துக்கொள்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். சுத்தம் செய்யும்போது பழகிய வாசனையும் சேர்ந்து போய்விடுகிறது. யார் பெரியவன் என்ற சண்டை மறுபடி தொடங்கிவிடும். அடுத்த முறை பழைய கூட்டிலிருந்து காய்ந்த காகிதத் துணுக்குகளை ஒரு கைப்பிடி எடுத்துப் புதுக் கூண்டில் போடுங்கள். மூத்திரம் ஊறிய மரத்தூளை மட்டும் கொண்டுபோக வேண்டாம், அது சண்டையைக் கூட்டும். வாலைப் பிடித்துத் தூக்குவதையும் தயவுசெய்து விடுங்கள். கூண்டுக்குள் ஒரு சிறு குழாயை வையுங்கள், சுண்டெலி அதற்குள் தானாக நுழையட்டும், குழாயோடு அப்படியே மாற்றலாம். காயம் பட்டதை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் காயமே இல்லாதது எதுவோ, பெரும்பாலும் அதுதான் கடிப்பது. அதைத் தனியாக வையுங்கள், கூடு கட்ட நிறையக் காகிதமும் கொடுங்கள். அப்புறம், வேறு கூண்டு ஆண்களோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள்.