டியூப்லைட்டுக்குக் கீழே யார்?

கேள்வி: புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். எனக்கு வயது 24. வருகிறவர்கள் எல்லாரும் மூத்தவர்கள். கீழத்தெருப் பெண்கள் தாமாகவே கதவோரம் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். மேலத்தெருவில் சிலர், "அவங்களுக்கு வேற நாள்ல தனியா வச்சுக்கயேம்மா" என்கிறார்கள். மறுத்தால் வகுப்புக்கே வராமல் போய்விடுவார்களோ?
- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தனி வகுப்பு வேண்டவே வேண்டாம். அரசுப் பள்ளியில் தெரு பார்த்து நாள் ஒதுக்கினால் அது தீண்டாமைதான். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்ததும் அதைத்தான். கேட்பவர்களிடம், "திட்டத்துல அதுக்கு இடமில்லைங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். விவாதம் நடத்தினால் வகுப்பு நேரம்தான் போகும்.

கதவோரம் உட்காருகிறவர்களை எல்லார் முன்னாலும் "முன்னால வாங்க" என்று அழைக்காதீர்கள். மறுநாள் காலை அவர்கள் யார் வயலில் நடவுக்கு நிற்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். நல்ல எண்ணத்தில் நாம் செய்வதற்கு விலை கொடுப்பவர் அவர்களாக இருக்கக் கூடாது. ஏற்பாட்டை மொத்த வகுப்புக்கும் சேர்த்தே மாற்றுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து இருக்கும். புத்தகத்தை எட்டப் பிடித்துப் படிக்கிறவர் எந்தத் தெருவானாலும் டியூப்லைட்டுக்கு நேர் கீழே. நாலாம் வகுப்புவரை போனவரையும் இப்போதுதான் 'அ' போடுகிறவரையும் ஜோடி சேருங்கள். வாரம் ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். கீழத்தெரு அக்கா ஒருத்தர் மேலத்தெரு அண்ணனுக்குக் கூட்டல் சொல்லித்தரும் நாள் தானாக வரும்.

அதற்கு முன் உங்கள் வாயைக் கவனியுங்கள். ஒருவரை "வாங்க பெரியம்மா" என்றும், அதே வயதுள்ள இன்னொருவரை வெறும் பேர் சொல்லியும் கூப்பிடும் பழக்கம் நம் ஊர்களில் ஊறிப்போனது. வருகைப் பதிவு எடுக்கும்போதே அது வெளிப்பட்டுவிடும். பலகைக்கு முதலில் யாரை அழைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். களை எடுத்துவிட்டு, சோறு வடித்துவிட்டு வருகிறவர் தாமதமாகத்தான் வருவார். முதல் கால் மணி நேரத்தில் புது எழுத்து நடத்தாதீர்கள்.

வரமாட்டார்களோ என்ற பயத்துக்கு உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஊரில் கேலி பேசாத வாய் இல்லை. ஆனாலும் விடவில்லை, ஏனென்றால் சைக்கிள் அவர்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டது. நீங்களும் பஸ் பலகை, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, 100 நாள் வேலை அட்டை என்று இரு தெருவுக்கும் பொதுவானதையே பாடமாக வையுங்கள். கோபித்துக்கொண்டு நின்றவர்களில் சிலராவது திரும்புவார்கள். வராதவர்களை வீட்டுக்குப் போய் ஒருமுறை கூப்பிடுங்கள், அது போதும். வந்திருப்பவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

யாராவது மிரட்டினால் மட்டும் நீங்களே சமாளிக்கப் பார்க்க வேண்டாம். தலைமையாசிரியரிடமும் வட்டார வளமையத்திலும் அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.