இக்கால விளையாட்டு அட்டைகள்மீது பழைய சேகரிப்பாளர்களுக்கு ஏன் இவ்வளவு மனக்குறை?

தொடக்கப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகன் பிரிமியர் லீக் கால்பந்து அட்டைகள் கேட்பதாகவும், கடையில் ஒரு பெட்டிக்குச் சொன்ன விலை உங்களைத் திகைக்க வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நெடுநாளாக அட்டை சேர்ப்பவர்களே இப்போது வரும் அட்டைகளைப் பற்றி மனம் நொந்து பேசுவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் யாரோ கொண்டுவந்து காட்டியதில்தான் அவனுக்கு இந்த ஆசை வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். என் அக்கா மகனுக்கும் அப்படித்தான் வந்தது. அவனுக்காக இக்கால அட்டைகளை வாங்கத் தொடங்கியபோதுதான் இந்த மனக்குறையின் ஆழம் எனக்கே முழுமையாகப் புரிந்தது.

விலை ஏறிவிட்டது என்பது உண்மையே. ஆனால், விலை மட்டும் ஏறியிருந்தால் நாங்கள் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம். முன்பு ஒரு தொகுப்பை வாங்கத் தொடங்கினால் என்றாவது ஒருநாள் அதை நிறைவுசெய்ய முடியும். இன்றைய தொகுப்பை எவராலும் நிறைவுசெய்ய முடியாது, அப்படி முடியாதவாறுதான் அது திட்டமிடப்படுகிறது. மற்றக் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து.

நான் உயர்நிலைப்பள்ளியில் படித்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் அட்டைகள்மீது பெரும் மோகம் இருந்தது. அப்பர் டெக் நிறுவனம் 1991-92 பருவத்துக்கு வெளியிட்ட தொகுப்பில் மொத்தம் 500 அட்டைகள் இருந்தன. முதலில் 400 வந்தன, பிறகு 100 வந்தன. ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் எண் அச்சிடப்பட்டிருக்கும், சிறிய ஹோலோகிராம் ஒன்று மின்னும். கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகத்தில் 1 முதல் 500 வரை எழுதி வைத்துக்கொண்டு, கிடைத்த எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம். பள்ளி முடிந்ததும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த கல் மேசையைச் சுற்றி மலாய், சீன, தமிழ்ப் பையன்கள் எல்லாரும் கூடி, ஒரே எண்ணில் ஒன்றுக்கு மேல் கிடைத்துவிட்ட இரட்டை அட்டைகளைப் பரப்பிவைத்து மாற்றிக்கொள்வோம். மைக்கேல் ஜோர்டனைத் தேடிய அதே ஆர்வத்தோடு, ஆட்டத்தில் இறங்காமல் பெஞ்சிலேயே அமர்ந்திருக்கும் ஒருவரையும் தேடினோம். அவருடைய எண் எங்கள் பட்டியலில் அடிபடாமல் நின்றதே அதற்குப் போதுமான காரணம். எவருடைய அட்டையும் எங்களுக்குக் குப்பையாகத் தெரிந்ததில்லை.

அந்தக் காலத்து அட்டைகளை இன்று யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லையே என்று சிலர் இங்கே எழுதக்கூடும். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் அளவுக்கு மீறி அச்சடித்துக் குவித்தன என்பதையும், என் 500 அட்டைகளும் சேர்ந்து ஒரு நல்ல இரவு உணவின் விலைக்குக்கூடப் போகா என்பதையும் நான் நன்கு அறிவேன். நான் பேசுவது பணத்தைப் பற்றியன்று. அந்தத் தொகுப்பு இன்றும் முழுமையாக என் அலமாரியில் இருக்கிறது; அதில் இல்லாத எண் என்று எதுவும் இல்லை.

நிறைவுசெய்வதற்கு மாற்றிக்கொள்ளுதல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கணக்கே உண்டு. 2018 உலகக் கிண்ணக் கால்பந்துக்குப் பனினி நிறுவனம் வெளியிட்ட ஸ்டிக்கர் ஆல்பத்தில் 682 ஸ்டிக்கர்கள் இருந்தன. யாரிடமும் மாற்றிக்கொள்ளாமல் ஒருவர் தனியாகவே அதை நிரப்ப முயன்றால், ஐந்து ஸ்டிக்கர் கொண்ட பாக்கெட்டுகள் சராசரியாக 967 தேவைப்படும் என்று கார்டிஃப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பால் ஹார்ப்பர் கணக்கிட்டார். நண்பர்கள் பலர் சேர்ந்து மாற்றிக்கொண்டால் அந்தத் தேவை பெருமளவு குறைந்துவிடும். ஆகவே, இந்தப் பொழுதுபோக்குக்கு உயிர் கொடுப்பது அடுத்தவனிடம் இருக்கும் இரட்டை அட்டைதான்.

இனி இன்றைய நிலையைப் பாருங்கள். ஒரே ஆட்டக்காரரின் ஒரே படம் சாதாரண அட்டையாக வருகிறது. பிறகு அதுவே வெள்ளி, சிவப்பு, நீலம், ஊதா எனப் பற்பல நிறங்களில் வருகிறது. இவற்றைச் சேகரிப்பாளர்கள் பேரலல் என்பார்கள். 2012-13 பருவத்தில் தொடங்கிய பனினி பிரிசம் அட்டை வரிசையை எடுத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பொன்னிற அட்டை உலகம் முழுவதற்கும் 10 மட்டுமே, கறுப்பு அட்டை ஒன்றே ஒன்றுதான். பேரலல் என்பதே புதிதன்று; டாப்ஸ் நிறுவனம் 1993இலேயே, ஒளிபட்டால் வானவில்போல் மின்னும் ரிஃப்ராக்டர் அட்டைகளை வெளியிட்டது. 1997-98இல் ஸ்கைபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிரெஷஸ் மெட்டல் ஜெம்ஸ் அட்டைகள் ஆட்டக்காரர் ஒருவருக்கு நூறுதான். அவற்றில் முதல் பத்து பச்சை, மற்றவை சிவப்பு. ஆனால், அன்று அவை தொகுப்புக்கு மேல் கிடைத்த பரிசாக இருந்தன. இன்று அவைதாம் பண்டம் என்றாகிவிட்டன. எண் வரிசைப்படி அமைந்த அடிப்படை அட்டைகள் அவற்றைப் பொதிந்துவரும் காகிதமாகிவிட்டன.

பழைய அட்டைகள் அரிதாக ஆனதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் எப்போதும் வலியுறுத்துவேன். 1952ஆம் ஆண்டு டாப்ஸ் வெளியிட்ட, பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அந்தத் தொகுப்பை உருவாக்கிய சை பெர்கர், விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் ஒரு படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் சொன்னார். பிள்ளைகள் விளையாடிக் கிழித்தவை, பெற்றோர் தூக்கி எறிந்தவை, கடலில் போனவை எல்லாம் போக எஞ்சியது கொஞ்சம் என்பதால் அது அரிதானது. இன்று அச்சகத்திலேயே ‘இதில் ஒன்று மட்டும்’ என்று முடிவுசெய்து அரிதாக்குகிறார்கள்.

என் அக்கா மகன் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை முடித்தபோது அவனுக்கு ஒரு பெட்டி கால்பந்து அட்டைகளைப் பரிசளித்தேன். பெட்டிக்கு ஒரு கையொப்ப அட்டை உறுதி என்று மேலே அச்சிட்டிருந்தது. கடையில் வைத்தே பிரித்தான். கையொப்ப அட்டை இருக்க வேண்டிய இடத்தில், சுரண்டினால் குறியீட்டு எண் தெரியும் ஒரு சீட்டு இருந்தது. அட்டை அச்சாகும் நேரத்தில் ஆட்டக்காரர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் இப்படி ஒரு சீட்டை வைத்துவிடுவார்கள். இதற்கு ரிடம்ப்ஷன் என்று பெயர். சீட்டில் இருந்த பெயர் அவனுக்கு மிகப் பிடித்த நடுக்கள ஆட்டக்காரருடையது என்பதால் அவன் துள்ளிக் குதித்தான். அன்றிரவே நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் எண்ணைப் பதிவுசெய்தோம்.

அதன்பிறகு காத்திருந்தோம். அவன் உயர்நிலைப்பள்ளிக்குப் போனான். அந்த ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாறினார். இணையப்பக்கத்தில் ‘நிலுவையில் உள்ளது’ என்ற சொல் மட்டும் மாறவில்லை. நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. முடிவில், அந்தக் கையொப்பத்தைப் பெற இயலவில்லை என்றும், அதற்கு ஈடான மதிப்புள்ள வேறு அட்டைகளை அனுப்புவதாகவும் தெரிவித்தார்கள். பொட்டலத்தில் இருவருடைய அட்டைகள் வந்தன. இருவரையும் அவனுக்குத் தெரியாது.

“மாமா, நாம கேட்டது இவங்கள இல்லையே,” என்று மட்டும் சொன்னான்.

ஈடான மதிப்பு என்று அவர்கள் எதைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விரும்பிய ஆட்டக்காரர் ஒருவருக்கு ஈடாக, விரும்பாத இருவர் எப்படி ஆவார்கள்? அட்டையை வெறும் விலையாகப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. இந்த வழக்கம் துறை முழுவதும் பரவியிருப்பதால் ஒருவரை மட்டும் சுட்டுவது முறையன்று.

அதே பெட்டியில் சீருடைத் துணி பதித்த அட்டையும் ஒன்று இருந்தது. பையன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இது அவர் போட்டு விளையாடிய சட்டையா என்று கேட்டான். அட்டையைத் திருப்பிப் பின்புறத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். அந்தத் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தோடும் நிகழ்ச்சியோடும் பருவத்தோடும் தொடர்புடையதன்று என்று எழுதியிருந்தது. அப்படியானால் அது யாருடைய துணி? அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இவ்வகை அட்டைகள் அறிமுகமானபோது, ஆட்டத்தில் அணிந்த சட்டையிலிருந்து வெட்டியது என்பதே அவற்றின் பெருமையாக இருந்தது.

சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. இக்கால அட்டைகளில் பல, காகிதத்தின்மேல் பளபளப்பான படலம் ஒட்டிச் செய்யப்பட்டவை. நம் ஊரின் ஈரக் காற்றைக் காகிதம் உறிஞ்சி விரியும், படலம் விரியாது. அதனால் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த அட்டை சில நாள்களில் இரு ஓரமும் தூக்கி வில்லாக வளைந்துவிடுகிறது. புகைப்படக் கலைஞர்கள் கேமரா வைக்கும் உலர் பெட்டி ஒன்றை நான் அட்டைகளுக்காகவே வாங்கி வைத்திருக்கிறேன். சாதாரண அட்டையில் அச்சான என் பழைய தொகுப்புக்கு அது ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

உரிமங்கள் கைமாறுவதும் சேர்ப்பவர்களைப் பாதிக்கிறது. பிரிமியர் லீக் அட்டை உரிமம் 2019-20இல் டாப்ஸிடமிருந்து பனினிக்குப் போனது. 2025-26 பருவத்திலிருந்து மீண்டும் டாப்ஸுக்கு வந்துவிட்டது. ஒரே பாணியில் ஆண்டுதோறும் சேர்த்து வந்த பிள்ளையின் கோப்பு நடுவில் அறுந்துபோகிறது. கூடைப்பந்திலும் இதே கதைதான். 2009-10 முதல் என்பிஏ உரிமம் பனினியிடம் இருந்தது, ஜோர்டனின் கையொப்ப ஒப்பந்தமோ அப்பர் டெக்கிடம் இருந்தது. அதனால் புதிய அட்டையில் அவர் கையொப்பம் வேண்டுமென்றால், சிகாகோ புல்ஸ் சீருடைக்குப் பதிலாக வட கரோலைனா கல்லூரிச் சீருடையில் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அட்டையை முதலீடாகக் கருதுபவர்கள்மீது எனக்குப் பகை கிடையாது. அவரவர் பணம், அவரவர் விருப்பம். ஆனால், கொள்ளைநோய்க் காலத்தில் அந்தப் போக்கு எந்த அளவுக்குப் போனது என்பதை மறக்க இயலாது. அட்டைகளின் நிலையைச் சோதித்துத் தரமிடும் நிறுவனமான பிஎஸ்ஏ, வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச் இறுதியில் தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகள் வாடிக்கையாளர்களின் பாதுகாப்புக் கருதிக் கடைகளில் அட்டை விற்பனையையே நிறுத்தின. அந்த மனப்பான்மையின் விளைவைத்தான் என் அக்கா மகனின் வகுப்பில் காண்கிறேன். அவன் அட்டையை நீட்டினால், எதிரே இருப்பவன் முதலில் கைத்தொலைபேசியில் விலையைப் பார்க்கிறான். இரண்டு வெள்ளி வேறுபாடு இருந்தாலும் மாற்றிக்கொள்ள மறுக்கிறான். கடைகளிலோ, பெட்டியைப் பிரித்த பெரியவர்கள் மின்னும் அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அடிப்படை அட்டைகளைக் கட்டாக மேசையிலேயே விட்டுச் செல்கிறார்கள். கடைக்காரர்கள் அவற்றை ஒரு கூடையில் போட்டு வைக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 ஜனவரி 1 முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களை வெளிநாட்டுத் தளங்களில் வாங்கினாலும் பொருள், சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. வரியை நான் குறைகூறவில்லை, எல்லாரும் செலுத்துவதுதான். என்னை உறுத்துவது வேறு. பல பாக்கெட்டுகளின் பின்புறம் ‘வாங்கத் தேவையில்லை’ என்று ஓர் அறிவிப்பு இருக்கும். அட்டை விற்பனை பரிசுச் சீட்டாகக் கருதப்படாமலிருக்க, கடிதம் எழுதிக் கேட்பவர்களுக்கும் வாய்ப்பளிக்கும் ஏற்பாடு அது. வழக்கமாக அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பாக்கெட்டுக்கு நாமும் பணம் கொடுக்கிறோம், கூடுதலாக அஞ்சல் கட்டணமும் கொடுக்கிறோம், ஆனால் அந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்தப்படுகிறோம்.

உங்கள் மகனுக்கு என்ன வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். கையொப்பம் உறுதி என்று சொல்லும் பெட்டிகளை வாங்காதீர்கள். ஆல்பத்தோடு வரும் ஸ்டிக்கர் தொகுப்போ, பிள்ளைகள் விளையாடுவதற்கென்றே வரும் மேட்ச் அட்டாக்ஸ் போன்ற அட்டைகளோ போதும். அவற்றிலும் இப்போது மின்னும் வகைகள் நுழைந்துவிட்டன என்றாலும், எண் வரிசை இன்னும் இருக்கிறது. வகுப்பில் இரண்டு மூன்று பேராவது அதே தொகுப்பைச் சேர்க்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர் கட்டாயம் வேண்டுமென்றால், அந்த ஓர் அட்டையை மட்டும் கேரோசல் இணையச் சந்தையில் தேடி வாங்குங்கள். பெட்டி விலையில் சிறு பங்குதான் ஆகும். கடைக் கூடையில் கிடக்கும் அடிப்படை அட்டைகளை, கேட்டால் பெரும்பாலும் மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்துவிடுவார்கள். என் அக்கா மகனுக்கு ஒரு முழுத் தொகுப்பில் பெரும்பகுதியை அப்படித்தான் சேர்த்தோம். எங்களிடம் கடந்த சில பருவங்களின் இரட்டை அட்டைகள் நிறைய இருக்கின்றன. உங்கள் மகன் தன்னிடம் இல்லாத எண்களை எழுதிக் கொடுத்தால், இருப்பவற்றை அனுப்பிவைக்கிறேன். பதிலுக்கு அவனிடமுள்ள இரட்டை அட்டைகளை அனுப்பினால் போதும்.