என்டிஏ-ல முதல் வருஷத்தை வீணாக்காம இருக்க என்ன பண்ணணும்?

கேள்வி கேட்ட தம்பி எஸ்எஸ்பி (ராணுவ அதிகாரி தேர்வு இன்டர்வியூ), மெடிக்கல், மெரிட் லிஸ்ட் எல்லாம் தாண்டி ஜாயினிங் லெட்டரும் கையில வெச்சிருக்கார், புனே பக்கம் கடக்வாஸ்லாவுல இருக்கிற என்டிஏ-க்கு, அதாவது முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற நேஷனல் டிஃபென்ஸ் அகாடமிக்கு போனதும் முதல் வருஷத்துல கிடைக்கிற வாய்ப்பு எதையும் விட்டுடக் கூடாதுன்னு கேட்டிருக்கார். வாழ்த்துகள் தம்பி. நான் அங்க ஆறு டெர்ம், அதாவது மூணு வருஷம் இருந்துட்டு வந்தவன், அந்த உரிமையில நீ வா போன்னே எழுதுறேன்.

முதல் டெர்ம்ல எல்லாருக்கும் வர்ற ஒரே ஆசை யார் கண்ணுலயும் படாம இருந்துடணும்ங்கறதுதான். விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும், எங்க போனாலும் ஓடணும் இல்லன்னா சைக்கிள்ல வரிசையா போகணும், கிளாஸ்ல உக்காந்தா கண்ணு சொக்கும், சாயங்காலம் கேம்ஸ், ராத்திரி சீனியர் கூப்பிட்டா போகணும், இதுக்கு நடுவுல யாராவது வந்து "டிபேட்டுக்கு யாரு, கிராஸ் கன்ட்ரி டீமுக்கு யாரு"ன்னு கேட்டா தலை தானா குனிஞ்சிடும். நானும் ரெண்டு மாசம் அப்படித்தான் குனிஞ்சு நின்னேன். அந்த ரெண்டு மாசம்தான் எனக்கு இன்னைக்கும் வருத்தம். அங்க வாய்ப்புன்னு யாரும் தட்டுல வெச்சு நீட்ட மாட்டாங்க, உடம்பு அசந்து கிடக்கிற நேரத்துல கூடுதல் வேலை மாதிரிதான் அது வந்து நிக்கும்.

என்னோட பெரிய பிரச்சனை ஹிந்தி. பாடம் எல்லாம் இங்கிலீஷ்ல ஓடிடும், ஆனா டிரில் கமாண்ட் ஹிந்தில. சாவ்தான், விஷ்ராம் ரெண்டு நாள்ல பழகிடுச்சு, ஆனா உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுக்கிறவர், குரலை இழுத்து "தாஹினே முட்" (வலது பக்கம் திரும்பு)னு விடும்போது வலதா இடதான்னு மனசுக்குள்ள மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ள மொத்த ஸ்குவாடும் திரும்பி நிக்கும், நான் மட்டும் அரை நொடி பிந்தி திரும்புவேன். டிரில் ஸ்கொயர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அது பாஸானாதான் முதல் டெர்ம்காரனுக்கு லிபர்ட்டி, புனே பக்கம் வெளிய போக முடியும். முதல் தடவை எனக்கு அது போச்சு. கூட இருந்தவங்க டிரெஸ் மாத்திட்டு ஊருக்குள்ள கிளம்பறதை கேபின் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்.

அதே சமயத்துல நீச்சல் ஆரம்பிச்சது. நான் பம்ப்செட் கிணத்துல வளர்ந்தவன், கோடை லீவு முழுக்க மேட்டுல இருந்து தலைகீழா குதிக்கிறதுதான் வேலை, அதனால பூல்ல எனக்கு ஒரு பயமும் இல்ல. எங்க ஸ்குவாட்ரன்ல, அதாவது கேடட்டுகள் சேர்ந்து தங்கற பிரிவுல, ஹரியானா பையன் ஒருத்தன், ஓட்டத்துல அவனை யாரும் பிடிக்க முடியாது, ஆனா தண்ணில இறங்கினதும் சுவத்தை பிடிச்ச விரல் வெளுத்துப் போயிருந்துச்சு, உதடு நடுங்குது, உஸ்தாத் சொல்றது எதுவும் அவன் காதுல ஏறல. நான் பக்கத்துல போய், முகத்தை தண்ணிக்குள்ள வெச்சு மூச்சை வெளிய விடு, உள்ள இழுக்காத, அவ்வளவுதான்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில சொன்னேன். அன்னைக்கு அவன் சுவத்துல இருந்து ஒரு கையை மட்டும் எடுத்தான். பத்து பன்னிரண்டு நாள்ல மிதந்தான்.

அதுக்கப்புறம் தினமும் லைட்ஸ் அவுட்டுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து ஷூ பாலிஷ் போடுவோம், ஈரப் பஞ்சை விரல்ல சுத்தி டோ மேல சின்னச் சின்ன வட்டமா தேய்ச்சிக்கிட்டே அவன் கமாண்ட் கொடுப்பான், நான் உக்காந்த இடத்துலயே தோளை மட்டும் திருப்புவேன், தப்பா திருப்பினா மறுபடி முதல்ல இருந்து. அடுத்த டெஸ்ட்ல பாஸ் ஆனேன். தமிழ்நாட்டுல இருந்து போறவனுக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்வேன், உனக்கு தெரிஞ்சதை கேக்காமலே கொடு, தெரியாததை வெக்கப்படாம கேளு. கோர்ஸ்மேட், அதாவது கூடவே சேர்ந்து பயிற்சி எடுக்கறவன்ங்கற உறவை விட பெரிய வாய்ப்பு அந்த கேம்பஸ்ல வேற எதுவும் கிடையாது. அதுவும் ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் மூணுக்கும் போறவங்க ஒரே கூரைக்கு அடியில இருக்கீங்க, பின்னாடி ஆர்மி அகாடமிக்கு ஒருத்தன் டேராடூன், நேவிக்கு ஒருத்தன் எழிமலா, ஏர்ஃபோர்ஸுக்கு ஒருத்தன் துண்டிகல்னு பிரிஞ்சு போவீங்க.

ஒரு ஸ்குவாட்ரன்ல முதல் டெர்ம்ல இருந்து ஆறாவது டெர்ம் வரைக்கும் எல்லாரும் கலந்துதான் இருப்பாங்க. சீனியர்னா பயம் மட்டும்தான்னு நினைச்சுக்காத, உன் சப்ஜெக்ட்டை போன வருஷம்தான் படிச்சு முடிச்ச ஒருத்தர் நாலு கேபின் தள்ளி இருப்பார், நோட்ஸ் கேளு. எல்லை மீறி யாராவது நடந்துக்கிட்டா அதை மறைக்காம உங்களுக்குப் பொறுப்பான டிவிஷனல் ஆபீசர்கிட்ட சொல்லு, அது காட்டிக் கொடுக்கறது ஆகாது.

படிப்பை அலட்சியம் பண்ணாத. கடைசில கையில வர்றது ஜேஎன்யு (டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) டிகிரி. ஒரு டெர்ம் ஃபெயிலாகி ரெலிகேட் ஆனா ஆறு மாசம் பின்தங்கி ஜூனியர் கோர்ஸோட உக்காரணும், பரேட் கிரவுண்ட்ல புலியா இருந்த ரெண்டு பேர் அப்படி போனதை நான் பார்த்திருக்கேன். அரபி, சீனம், ஃபிரெஞ்ச், ரஷ்யன்னு வெளிநாட்டு மொழி கத்துக்கவும் வழி இருக்கு, அதை வெறும் மார்க் சப்ஜெக்ட்டா பாக்காத.

அப்புறம் குதிரை. அதுவரைக்கும் நான் கிட்ட நின்னு பார்த்த குதிரை எங்க ஊர் அய்யனார் கோயில் மண்குதிரைதான், நிஜக் குதிரை மேல உக்காந்ததும் அதோட மூச்சு நம்ம தொடையில தெரியும் பாரு, அந்த நிமிஷத்தை என்னால மறக்கவே முடியல. பீகாக் பேங்கற நீர்ப்பரப்புல பாய்மரப் படகு, ஏரோமாடலிங், ஆஸ்ட்ரானமி, போட்டோகிராஃபின்னு கிளப் நிறைய. ஊர்ல ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ணை எடுக்காம வாழ்க்கையில தொட்டே பார்க்காத ஒண்ணை எடு.

ஒரு விஷயத்துல மட்டும் வீரம் காட்டாத. கெண்டைக்கால் எலும்புல ஒரே இடத்துல விரல் வெச்சா சுரீர்னு வலிச்சா அன்னைக்கே எம்ஐ ரூம், அதாவது டாக்டர் பாக்கற அறைக்கு போ. டெர்ம் போயிடும்னு பயந்து வலியோட ஓடி, கீறலா இருந்ததை முறிவாக்கிக்கிட்டவங்க உண்டு. பயிற்சில அடிபட்டு உடல்தகுதி இல்லன்னு மெடிக்கல் போர்டு வெளிய அனுப்பின கேடட்டுகளோட நிலைமையை 2025ல சுப்ரீம் கோர்ட்டே தானா முன்வந்து விசாரணைக்கு எடுத்துச்சு, சின்ன விஷயம் இல்ல அது.

தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா, இது உங்களுக்கும் சேர்த்துதான். 2022ல முதல் முறையா பொண்ணுங்க சேர்ந்தாங்க, அதுல 17 பேர் 2025 மே மாசம் பயிற்சி முடிஞ்சு வெளிய வர்ற பாஸிங் அவுட் பரேட்ல நடந்தாங்க.

நடக்கிற அந்த மைதானத்துக்கு கேத்ரபால் பரேட் கிரவுண்ட்னு பேர். அருண் கேத்ரபால் 1967ல உன்னை மாதிரியே வந்து சேர்ந்த பையன், 1971 ஜூன்ல கமிஷன் ஆகி அதிகாரியானார், அதே வருஷம் டிசம்பர் 16ல பாகிஸ்தானோட நடந்த போர்ல பசந்தர் சண்டையில இறந்தார், வயசு 21. பரம்வீர் சக்ரா. கேம்பஸ்ல ஹட் ஆஃப் ரிமெம்பரன்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்க படிச்சு நாட்டுக்காக உயிர் விட்டவங்க பேர் எல்லாம் அங்க இருக்கும், வீட்டு ஞாபகம் தாங்க முடியாத ஒரு ஞாயித்துக்கிழமை போய் கொஞ்ச நேரம் நில்லு, நான் அப்படி ஒரு நாள் நின்னுட்டு வந்துதான் அடுத்த வாரம் டிபேட்டுக்கு பேர் கொடுத்தேன்.

கிளம்ப இன்னும் நாள் இருக்குல்ல? நீச்சல் தெரியலன்னா இந்த வாரமே கிணத்துல இறங்கு, நீச்சல் தெரிஞ்ச ஆள் ஒருத்தரை மேட்டுல நிக்க வெச்சுக்கிட்டு. தினமும் பத்து ஹிந்தி வார்த்தை, அதுல முதல் ரெண்டு தாஹினே (வலது), பாயே (இடது). வேற சந்தேகம் இருந்தா கீழ கேளு, பதில் போடுறேன்.